தூண் இருந்த இடத்தில் நின்றவர்

நடுவில் ராமர். அவருக்கு இடப்பக்கம் சீதை. பின்னால் குடையுடன் பரதர். சாமரத்துடன் சத்துருக்கனர். வில்லுடன் லட்சுமணர். காலடியில் அனுமார். வலப்பக்கம் கைகூப்பியபடி சுக்கிரீவர், அங்கதர், ஜாம்பவான். முடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வசிட்ட முனிவர்.

வந்திருந்தவர்கள் இவ்வளவுதான். பத்துப் பேர். ஜாம்பவானுக்குப் பக்கத்தில் ஒரு தூண். பத்துப் பேரையும் எழுதியது மாஸ்டர். தூணை எழுதியது நான்.

விளம்பரப் பலகை எழுதுகிறவர்களின் சங்கம் மலர் போடுகிறது. செயலாளர் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, நீங்க ராமரோட பொலிஸில இருந்த கதையை எழுதித் தாங்க" என்றார். எனக்கு எழுத்து வரும். ஓரடி உயரம் என்றால் நன்றாகவே வரும். இந்தச் சின்ன எழுத்துத்தான் பழக்கமில்லை. பிழை இருந்தால் செயலாளர் திருத்திக்கொள்வார்.

பிறந்தது கொழும்பு கொச்சிக்கடை. பெயர் சவரிமுத்து. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. துறைமுகத்தில் கப்பலின் பக்கத்துக்குப் பெயின்ட் அடித்தேன். கயிற்றில் தொங்கிக்கொண்டு அடிக்கவேண்டும். ஒருநாள் விழுந்தேன். கீழே தண்ணீர்தான். அதற்குப் பிறகு தரையில் செய்யக்கூடிய வேலையாகத் தேடினேன். கொட்டாஞ்சேனையில் கோவிந்தசாமி மாஸ்டரின் கடையில் சேர்ந்தேன். முதலில் பிரஷ் கழுவினேன். பிறகு பின்னணி தந்தார். பிறகு உடுப்பு, நகை. பிறகு தூண். முகம் மட்டும் தரவில்லை. முகம் மாஸ்டருடையது.

மாஸ்டர் ஆளைப் பார்த்துக் கதைக்கமாட்டார். படத்தைப் பார்த்துத்தான் கதைப்பார். என்னைத் திட்டுவதென்றாலும் படத்தில் நிற்கிற யாரையாவது பார்த்துத்தான் திட்டுவார். ஒருநாள் அங்கதரைப் பார்த்து, "சோத்துக்கு மட்டும் டாண்ணு வந்து நிப்பான்" என்றார். படம் வாங்க வந்திருந்தவர் திடுக்கிட்டுப்போனார். "அங்கதர் அப்படிப்பட்டவரா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். "அது நான்" என்றேன்.

மாஸ்டரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளே முழுக்க முடிசூட்டுப் படங்கள். பிஸ்கட் டின் மூடியிலிருந்து வெட்டிய இங்கிலீஷ் ராசா. எங்கள் கோவில் கொடிக்கு எழுதிய, மாதாவுக்கு மோட்சத்தில் முடி சூட்டுகிற படம். தஞ்சாவூரிலிருந்து வந்த ராமர். விகாரைச் சுவரில் இருந்து யாரோ படியெடுத்துக் கொடுத்த கண்டி ராசா. பழைய புத்தகத்தில் கிழித்த ஒரு வெள்ளைக்கார ராசா, தன் முடியைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "இவனுக்கு ஆளு கிடைக்கல" என்பார் மாஸ்டர்.

எத்தனை நூறு வருடம் போனாலும், எந்தத் தேசத்துக்காரன் கீறினாலும், முடிசூட்டுப் படம் ஒன்றுதான் என்பது அவருடைய கட்சி. ஒருவர் இருப்பார். ஒருவர் முடி பிடிப்பார். மற்றவர்கள் நிற்பார்கள். காசு கொடுத்தவன் மட்டும் ராசாவைப் பார்க்காமல் எங்களைப் பார்ப்பான். தூணுக்குப் பின்னால் ஒருவன் எட்டிப் பார்ப்பான். முடி தலையில் படாது. நாலு விரல் மேலே நிற்கும். மாதாவுக்கும் நாலு விரல், இங்கிலீஷ்காரனுக்கும் நாலு விரல். "வச்சுட்டா முடிஞ்சு போச்சு. அப்புறம் எவன் பாப்பான்?" இதையும் ஜாம்பவானைப் பார்த்துத்தான் சொன்னார்.

இந்தக் கொள்கையால் எங்களுக்கு வேலை சுலபம். எண்ணெய்த் தாளில் கோடு கீறி, கோட்டின்மேல் ஊசியால் குத்தி, தாளைப் பலகையில் வைத்துக் கரித்தூள் பொட்டலத்தால் தட்டினால் புள்ளி புள்ளியாக இறங்கும். மாஸ்டர் எல்லா முடிசூட்டுக்கும் ஒரே தாளைத்தான் வைத்திருந்தார். மாதாவுக்குப் பக்கத்தில் நின்ற சம்மனசின் செட்டை, அதாவது தேவதூதரின் சிறகு, அந்தத் தாளில் அப்படியே இருந்தது. ராமர் படத்தில் அது சத்துருக்கனரின் தோளில் வந்து இறங்கும். அதைச் சாமரம் ஆக்கிவிடுவோம். ஒருவரும் கேட்டதில்லை.

சண்டைக் காலம். பெயர்ப்பலகை வேலை குறைந்துபோய் இருந்தது. அப்போது வெள்ளவத்தையிலிருந்து கந்தப்பர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முன்னம் புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர். இப்போது வெள்ளவத்தையில் சைவச் சாப்பாட்டுக் கடை திறக்கப்போகிறார். இருந்த காசு முழுவதையும் அதில் போட்டுவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

"மாஸ்டர், ராமர் பட்டாபிஷேகம். ஆறடி அகலம். காசு மேசைக்கு நேர் மேல வரவேணும்" என்றார்.

மாஸ்டர் பலகையைப் பார்த்து, "பதினோரு பேர் வரும்" என்றார்.

"பத்துப் பேர் காணும்."

"பதினொண்ணுதான் முதலாளி வழக்கம்."

"விபீஷணன் வேண்டாம்."

நான் பிரஷைக் கழுவுவதை நிறுத்தினேன்.

"கூடப் பிறந்த தமையனை விட்டிட்டு மற்றப் பக்கம் போனவனுக்கு என்ர கடையில இடமில்லை" என்றார் கந்தப்பர். பிறகு கேளாமலே கதையைச் சொன்னார். புறக்கோட்டைக் கடையை அவரும் தம்பி குணமும் சேர்ந்து நடத்தினார்கள். கட்டடச் சொந்தக்காரன் வழக்குப் போட்டான். தம்பி கூண்டில் ஏறிக் கட்டடக்காரனுக்குச் சார்பாகச் சாட்சி சொன்னான். கடை போனது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டில் தம்பியின் பெயரே விபீஷணன்தான்.

"பொய்ச் சாட்சியோ?" என்று கேட்டேன்.

"பொய்யெண்டால் மன்னிச்சிருப்பன். உண்மையைச் சொன்னவன்" என்றார்.

மாஸ்டர் பாதி எழுதியிருந்த சீதையின் பக்கம் திரும்பினார். "தம்பி விபீஷணன்னா, அண்ணன் யாரும்மா?" என்று அவரிடம் கேட்டார்.

கந்தப்பருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கிய பிறகு, "மாஸ்டர், நீங்கள் படத்தைக் கீறுங்கோ" என்றார். போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "படத்தில பத்துப் பேர். முதல் பந்தியில பத்து இலை. உங்கள் ரெண்டு பேரையும் சேர்த்துத்தான். ஒராள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

ஆக, விபீஷணன் நிற்கவேண்டிய இடம் காலியாக வந்தது. மாஸ்டர் அதை எனக்குத் தந்தார். நான் தூண் எழுதினேன். சிவப்புத் தூண். பொன் வளையம், நடுவில் தாமரை. நல்ல தூண். அதைப்போல ஒன்றை நான் முன்பும் எழுதவில்லை, பின்பும் எழுதவில்லை.

கடை திறக்கிற நாளன்று மாஸ்டர் விடியவே பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போய்விட்டார். சுவரில் ஆணி சரியா என்று அவரே பார்க்கவேண்டும். படத்தைக் கொண்டுவருவது என் பொறுப்பு. கந்தப்பரின் மரக்கறி வான் வந்தது. ஓட்டியவர் பாறூக் நானா. படத்தைப் பின்னால் நிமிர்த்தி வைத்துக் கட்டினோம். கீறல் பட்டால் ஒட்டுவதற்குச் சின்ன டின்களில் பெயின்டும் இரண்டு பிரஷும் எடுத்துக்கொண்டேன். நல்ல நேரம் முடிவதற்குள் படம் சுவரில் ஏறவேண்டும்.

காலி ஊருக்குப் போகிற வீதி தொடங்குகிற இடத்தில் மறித்தார்கள். ஆமிக்காரப் பையன் பின்கதவைத் திறந்தான். ராமர் அவனைப் பார்த்தார். அவன் ராமரைப் பார்த்தான்.

"யார் இது?"

"ராமர். முடி சூட்டுகிறார்கள்" என்றேன் சிங்களத்தில்.

அவன் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தான். வசிட்டரின் காலடிக்கு வந்து நின்றான். அங்கே மஞ்சளில் கறுப்புக் கோடு. முனிவர்கள் நிற்கிற தோல். வழமையாகப் போடுவதுதான்.

"மொகத மே?" என்றான். இது என்ன?

"கொட்டி ஹம" என்றேன்.

புலித்தோல். சிங்களத்தில் புலிக்குக் கொட்டியா. அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு தமிழன் சிங்களத்தில் சொல்லக்கூடாத சொல் ஒன்று இருந்ததென்றால் அது இதுதான். பாய் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் துறைமுகத்தில் படித்த சிங்களம். பொய் சொல்லும் அளவுக்கு அது போதாது.

அவன் முகம் மாறியது. சமாளிக்கப் பார்த்தேன். "சிங்கமும் இருக்கிறது" என்று காட்டினேன். சிங்காசனம் என்றால் காலில் சிங்கம் இருக்கும்தானே.

"சிங்கம் கீழேயா?" என்றான்.

பாறூக் நானா சொன்னார்: "வாயப் பொத்திட்டு ஈந்தா இந்நேரம் பம்பலப்பிட்டி தாண்டியிருப்போம்."

பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். என்னையும் படத்தையும் உள்ளே எடுத்தார்கள். பாறூக் நானாவை வானில் இருக்கச் சொன்னார்கள். இன்றைக்குப் படிக்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். அன்றைக்கு ஒரு தமிழ் ஆள் பொலிஸுக்குள் போனால் எப்போது வெளியே வருவான் என்று எவரும் சொல்லமாட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் பிள்ளைக்குப் பால்மா வாங்கப் போனார். அவர் திரும்பி வந்தபோது பிள்ளை சோறு தின்றுகொண்டிருந்தது.

சார்ஜன் மேசைக்குப் பின்னால் இருந்தார். பெரிய மீசை. பென்சன் எடுக்கிற வயது. ஆமிக்காரப் பையன் சொன்னதை எல்லாம் கேட்டார். படத்தைச் சுவரோடு சாத்தி வைக்கச் சொன்னார். முறைப்பாடு கொடுக்க வந்திருந்த ஒரு மனுசி எழும்பி வந்து படத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பப் போய் வாங்கில் இருந்தாள்.

"கொண்டுவந்தால் வாக்குமூலம் எழுதத்தான் வேணும்" என்றார் சார்ஜன். பேனையின் மூடியைக் கழற்றினார். என் பெயர், விலாசம், அடையாள அட்டை எல்லாம் எழுதினார். பிறகு படத்தைப் பார்த்தார். எல்லாம் சிங்களத்தில் நடந்தது. நான் தமிழில் எழுதுகிறேன்.

"நடுவில இருக்கிறவர்?"

"ராமர், சேர்."

"தகப்பன் பெயர்?"

"தசரதர்."

"ஊர்?"

"அயோத்தி."

"இலங்கைக்கு வந்திருக்கிறாரோ?"

நான் யோசித்தேன். பொய் சொல்லச் சிங்களம் போதாது என்று முன்பே சொன்னேன். "ஓம் சேர்" என்றேன்.

"எதுக்கு?"

"மனுசியைக் கூட்டிக்கொண்டு போக."

அதை எழுதினார். "எந்த வழியால வந்தவர்?"

"கடல் வழி. பாலம் போட்டு."

பேனை நின்றது. "பாலம் போட்டது ஆர்?"

"குரங்குகள் சேர்."

"எல்லாற்ற பெயரும் சொல்லு."

"எல்லாரையும் தெரியாது சேர். நான் வேதக்காரன். படத்தில நிக்கிறவையை மட்டும்தான் தெரியும். முன்னுக்கு இருக்கிறவர் அனுமார்."

"இவர் அதுக்கு முன்னமும் வந்திருக்கிறாரோ?"

"ஓம். ஒருக்காத் தனிய வந்தவர்."

"வந்து?"

நான் அனுமாரின் வாலைப் பார்த்தேன்.

"வந்து என்ன செய்தவர்? சொல்லு."

"நெருப்பு வைச்சவர் சேர்."

சார்ஜன் பேனையைக் கீழே வைத்தார். மீசை ஒருபக்கம் ஆடியது. அது கோபமா சிரிப்பா என்று எனக்கு விளங்கவில்லை. ஆமிக்காரப் பையனுக்கும் விளங்கவில்லை. அவன் நிமிர்ந்து நின்றான்.

"இப்ப எங்க இருக்கினம்?"

"திரும்பிப் போயிட்டினம் சேர். போய்ச் சேர்ந்த பிறகு எழுதின படம்தான் இது."

சார்ஜன் எழும்பிப் படத்துக்குக் கிட்ட வந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வசிட்டரின் தோலைப் பார்த்தார். "சாமிமார் நிக்கிற தோல். என்ர மாமா வீட்டிலயும் ஒரு மான்தோல் இருக்கு" என்று பையனுக்குச் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அவர் விரலால் எண்ணத் தொடங்கினார். ஜாம்பவான் வரை வந்தார். என் தூணில் விரல் நின்றது.

"விபீஷண தெய்யோ எங்க?"

தெய்யோ என்றால் சிங்களத்தில் தெய்வம். நான் தூணைப் பார்த்தேன்.

"இதில என்ர ஊர்க்காரர் அவர் ஒராள்தான்" என்றார் சார்ஜன். "நான் களனி. எங்கட விகாரைச் சுவரில அவருக்கு முடி சூட்டுற படம் இருக்கு. சூட்டுறது ஆர் தெரியுமோ?" லட்சுமணரின் நெஞ்சில் தட்டினார். "இவர். இவர் கையால முடி வாங்கினவரை, இவற்ற தமையன்ர முடிசூட்டுக்குக் கூப்பிடேல்லையோ? என்ன பழக்கம் இது?"

"வேலை தந்தவர் வேண்டாம் எண்டவர் சேர்."

"ஏன்?"

கந்தப்பரின் குடும்பக் கதையைச் சொன்னேன். ஆறுதலாகக் கேட்டார். இடையில் புத்தகத்தில் ஏதோ எழுதவும் எழுதினார். கடைசியில் கதிரையில் போய் இருந்தார்.

"பெட்டியில என்ன?"

"பெயின்ட், சேர்."

"அப்ப எழுது. அவர் வந்தால் நீ போகலாம்."

நிலைமை இதுதான். விபீஷணர் இல்லாவிட்டால் நான் வெளியே வரமுடியாது. விபீஷணர் இருந்தால் படம் கடைக்குள்ளே போகமுடியாது. முதலில் வெளியே வருவோம் என்று பெட்டியைத் திறந்தேன்.

மாஸ்டர் எழுதிய ஒருவரையும் தொடமுடியாது. தொட்டால் கையை முறிப்பார். என்னுடையது என்று அந்தப் படத்தில் இருந்தது தூண் மட்டும்தான். சின்னப் பொலிஸ்காரன் ஒருவனிடம் துணி வாங்கி டர்பன்டைனில் நனைத்தேன். தாமரையில் கை வைக்கும்போது மனம் கேட்கவில்லை. துடைத்தேன். முழுதாகப் போகவில்லை. பொன் வளையம் ஒன்று இடுப்புக்கு வசதியாக இருந்தது. அதை ஒட்டியாணம் ஆக்கினேன். தூணின் சிவப்பை வேட்டி ஆக்கினேன். உடுப்பும் நகையும் எனக்குக் கைவந்த வேலை. கழுத்து வரைக்கும் வந்துவிட்டேன்.

முகம் நான் எழுதியதே இல்லை. பார்த்து எழுத ஒரு முகமும் கையில் இல்லை. நிமிர்ந்தேன். எதிரில் சார்ஜன் இருந்தார்.

நான் பார்க்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. "நான் இருக்கிறன் எண்டு பார்க்காத. உன்ர வேலையைப் பார்" என்றார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். தலையைச் சீவினார். பக்கவாட்டாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை.

நல்ல முகம். ஒரு கோடும் பிழையாகவில்லை. ஆமிக்காரப் பையன் எட்டிப் பார்த்து, "சேர் மாதிரியே இருக்கு" என்றான்.

"விசர்க் கதை கதைக்காத" என்றார் சார்ஜன். எழும்பி வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "வயித்தைக் கொஞ்சம் குறை" என்றார்.

குறைத்தேன். கையைக் கூப்பினாற்போல எழுதப் போனேன். அதற்கு விடவில்லை. "தெய்யோ ஏன் கும்பிடவேணும்?"

"எல்லாரும் கும்பிடுகினம் சேர்."

"அவை குரங்கு. இவர் ராசா."

ஒரு கையில் சாமரம் கொடுத்தேன். சம்மதித்தார். முடி மட்டும் கேட்டுப் பெரிதாக வைக்கச் சொன்னார். தலையில் முட்டியே வைத்தேன். இவருக்கு ஏற்கனவே சூட்டியாகிவிட்டதுதானே.

புத்தகத்தை மூடினார். போகச் சொன்னார். வழியில் இன்னும் மறிப்பார்கள் என்று ஆமிக்காரப் பையனையும் கூட அனுப்பினார். அவனுக்கு வேலை முடிந்து தெகிவளைக்குப் போகவேண்டி இருந்தது. பெயின்ட் காயவில்லை. அவன் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்து, விபீஷணரில் ஒன்றும் படாமல் இரண்டு கையாலும் படத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். மறித்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். அவன் தலையை ஆட்டினான். விட்டார்கள்.

"எத்தனை பேரு இப்ப?" என்று பாறூக் நானா கேட்டார்.

"பதினொண்டு."

"மொதலாளி நம்மள அறுக்கப்போறார்."

கடை வாசலில் மாவிலை கட்டி இருந்தது. கந்தப்பர் வேட்டியும் சால்வையுமாக வீதியில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நல்ல நேரம் முடியக் கொஞ்சம்தான் இருந்தது. கடைக்குள் வாழையிலை விரித்தாகிவிட்டது. படத்தை இறக்கி உள்ளே கொண்டுபோனோம். மாஸ்டர் வந்து பார்த்தார். அவர் என்னைப் பார்த்துக் கதைத்தது என் வேலைக் காலத்தில் அந்த ஒரு தடவைதான்.

"தூண் எங்கடா?"

"வழியில..." என்றேன்.

கந்தப்பர் எண்ணிவிட்டார். "ஆரிது?"

மாஸ்டர் புது ஆளைப் பார்த்தார். முதலில் மீசையை, பிறகு முடியை, பிறகு வயிற்றை. மூக்கைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிழை சொல்லவில்லை.

"குகன்" என்றார்.

"ஓடக்காரனோ? ஓடக்காரனுக்குக் கிரீடமோ?"

"பட்டாபிஷேகத்துக்கு வந்தா ஆளுக்கு ஒண்ணு குடுக்கிறது முதலாளி."

"மீசை?"

"வேலைவெட்டி இல்லாத நேரம் வளத்திருப்பான்."

"பொலிஸ்காரன் மாதிரி முழிக்கிறான் மாஸ்டர்."

துவக்கோடு நின்ற பையன் கூரையைப் பார்த்தான்.

"பத்தெல்லே சொன்னனான்" என்றார் கந்தப்பர். "இப்ப நேரமும் போகுது. தூக்குங்கோ. பிறகு கதைப்பம்."

கடைப் பையன்கள் இரண்டு பேர் மேசையில் ஏறி நின்றார்கள். நானும் பாறூக் நானாவும் கீழே இருந்து தூக்கினோம். கனம். ஒரு ஆணி பிடித்தது. மற்றது பிடிக்கவில்லை. வலப்பக்கம் சரிந்தது. சரிந்தால் ராமர் காசு மேசையில் விழுந்து, மேசையோடு கந்தப்பரின் மேலும் விழுவார். மேலே இருந்தவன், "ஐயோ முதலாளி!" என்று கத்தினான்.

வாசலில் இருந்து யாரோ பாய்ந்து வந்தார்கள். வெள்ளைச் சட்டை. படத்துக்குக் கீழே போய்த் தோளைக் கொடுத்தார். படம் நின்றது. அந்த மனிதர் கன்னத்தைப் படத்தோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கந்தப்பரைப் பார்த்தபடி நின்றார். கந்தப்பரும் அசையவில்லை.

"அடி, அடி, ஆணியை அடி" என்றார் மாஸ்டர்.

அடித்தார்கள். படம் ஏறியது. அந்த மனிதர் விலகினார். கந்தப்பரின் மனைவி குசினி வாசலில் நின்று சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தா. அவதான் ரகசியமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறா. வந்தவர் தம்பி குணம்.

காயாத பெயின்ட். குணத்தின் வெள்ளைச் சட்டைத் தோளில் விபீஷணரின் முடி பொன்னிறத்தில் அப்படியே இருந்தது. கன்னத்தில் கறுப்பாக மீசை ஒன்று குறுக்கே ஓடியது. படத்தில் இருந்தவருக்குப் பாதி மீசைதான் மிச்சம். என் முதல் முகம்.

கந்தப்பர் தம்பியின் தோளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். திரும்பவும் தோளைப் பார்த்தார். அத்தனை வருடத்துக்குப் பிறகு தம்பியோடு முதல் கதைத்த கதை இது:

"குகன் ஒட்டிப்போட்டார்."

குணம் திரும்பிப் படத்தைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் அனுமாரைப் பார்த்தார். குணம் கைலேஞ்சியால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே கிட்டப் போய்ப் பார்த்தார். ஓம் என்று சொல்லிவிட்டால் போதும். எல்லாருக்கும் சோறு.

"இது குகன் இல்லை அண்ணை" என்றார். "குகன் எண்டால் கையில துடுப்பு இருக்கும். இது விபீஷணன்."

பாறூக் நானா, "அல்லாஹ்" என்றார்.

கந்தப்பர் கண்ணை மூடினார். திறந்தார். "கோர்ட்டிலயும் உண்மை. இஞ்சயும் உண்மை" என்றார். "ஒரு நாளைக்கெண்டாலும் உனக்கு வாயைப் பொத்திக்கொண்டிருக்கத் தெரியாதோடா?"

"நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டுதானே அண்ணை நிண்டனீங்கள்."

"நான் பார்த்தனான். கேட்டனானோ?"

குணம் கைலேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தார். வாசலைப் பார்த்தார். வீதியில் அவருக்காக ஒருவரும் நிற்கவில்லை. தனியாகத்தான் வந்திருந்தார். ஒரு அடி எடுத்தும் வைத்தார்.

"மீசையைத் துடைச்சுப்போட்டுப் போ" என்றார் கந்தப்பர். "உன்னைக் கண்டு சனம் நாடகம் எண்டு நினைக்கும்."

குணம் நின்றார்.

மாஸ்டர் அனுமாரிடம், "பசிக்குது" என்றார்.

கந்தப்பர் குசினிப் பக்கம் திரும்பினார். "டேய், எத்தினை இலை போட்டிருக்கு?"

"பத்து, முதலாளி. நீங்கள் சொன்ன மாதிரி" என்றான் உள்ளே இருந்தவன்.

கந்தப்பர் தம்பியைப் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதினொண்டு."